‘அதுக்கு முன்னாடி வெறும் காடு’: சேலம் மாவட்டச் சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

சேலம் மாவட்டப் பள்ளிகளில் சமூக அறிவியல் நடத்தும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

நான் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். பணிக்காலத்தின் பெரும்பகுதி சேலம் – ஏற்காடு தடத்திலேயே கழிந்தது. பிறந்தது, வளர்ந்தது, இன்றைக்கு இருப்பது எல்லாம் சேலம் நகரில் குகை என்ற பகுதியில்தான். படிப்பு பத்தாவதோடு நின்றுவிட்டது. பாடம் நடத்துகிறவர்களுக்குக் கடிதம் எழுத நமக்கு என்ன தகுதி என்று பல நாள் யோசித்தேன். ஆனாலும் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் அந்த மலையில் தினமும் ஏறி இறங்கியவன், கூட ஏறிய ஜனங்களின் முகத்தையும் மூட்டையையும் பார்த்துப் பார்த்துச் சீட்டுக் கிழித்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

என் பேத்தி எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். போன மாதம் ‘எங்கள் மாவட்டம்’ என்று ஒரு சார்ட் தயார் செய்தாள். மாம்பழம், உருக்காலை, வெள்ளிக் கொலுசு, மேட்டூர் அணை எல்லாம் வெட்டி ஒட்டி, ஓரத்தில் பூ வரைந்து, பார்க்க அழகாக இருந்தது. வலது மூலையில் ஏற்காடு ஏரியின் படம். அதற்குக் கீழே ‘1820-களில் சேலம் ஆட்சியர் காக்பர்ன் ஏற்காட்டைக் கண்டுபிடித்தார்’ என்று பச்சை ஸ்கெட்ச்சில் எழுதியிருந்தாள்.

“அதுக்கு முன்னாடி அங்க யாரும்மா இருந்தாங்க?” என்று கேட்டேன்.

“யாரும் இல்ல தாத்தா. அதுக்கு முன்னாடி வெறும் காடு.”

சற்றும் தயங்காமல் சொன்னாள். சார்ட்டுக்குப் பத்துக்குப் பத்து வாங்கிவிட்டாள். அவளையும் குற்றம் சொல்லவில்லை, மதிப்பெண் போட்ட ஆசிரியரையும் சொல்லவில்லை. மலையில் ஒரு விடுதியின் வரவேற்பறையில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் வரலாறும் அப்படித்தான் ஆரம்பிக்கிறது. கைப்பேசியில் தேடினாலும் அதே வரிதான் முதலில் வருகிறது. பிள்ளை அதைப் பார்த்து எழுதியிருக்கிறாள், அவ்வளவுதான். ஆனால் அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் சீட்டுக் கொடுத்த அத்தனை பேரையும் ஒரே வரியில் இறக்கிவிட்டுவிட்டார்களே என்று இருந்தது.

காக்பர்னுக்கு உரியதைக் கொடுக்க வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. 1820 முதல் 1829 வரை அவர் இங்கே ஆட்சியராக இருந்தார். காப்பியையும் மேல்நாட்டுப் பழ மரங்களையும் மலைக்குக் கொண்டுவந்தார். இன்றைக்கும் சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி ஏறி நிற்க, அதன் நிழலில் காப்பிச் செடி நிற்கிறதே, அந்தக் காப்பியின் தொடக்கம் அவர் காலம்தான். காப்பியைக் கொண்டுவந்தார் என்று எழுதினால் சரி. ஆள் இருந்த மலையை எப்படிக் கண்டுபிடிக்க முடியும்?

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு விடியற்காலை மலையிலிருந்து இறங்கும் வண்டி. நாகலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் இரண்டு பலாப்பழத்தைச் சாக்கில் கட்டி ஏற்றினார். லக்கேஜ் போடும்போது பேச்சுக் கொடுத்தேன். “நாங்க மலையாளிங்க” என்றார். “கேரளாவுல எந்த ஊரு?” என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. என்னைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, “மலையை ஆளறவன் மலையாளி, தம்பி. எங்களுக்குக் கேரளாவும் தெரியாது, அந்தப் பாஷையும் தெரியாது. நாங்க காஞ்சிவரத்துலருந்து வந்தவங்க” என்றார். அப்புறம் அடிவாரம் வந்து சேரும்வரை, இருபது கொண்டை ஊசி வளைவுக்கும், எனக்கு அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார்.

காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் கிளம்பி வந்தார்களாம். தங்கள் சாமி கரிராமனையும் கூடவே எடுத்துவந்தார்களாம். பெரியண்ணன் ஏற்காடு இருக்கும் இந்தச் சேர்வராயன் மலையில் தங்கினான். நடுவண்ணன் பச்சைமலைக்குப் போனான். சின்னண்ணன் கொல்லிமலைக்குப் போனான். மூவரும் வேறு வேறு சாதியில் பெண் எடுத்தார்கள் என்றும் ஒரு வழக்கு உண்டு. இந்தப் பழங்குடி ஜனங்களை இன்றைக்கும் பெரிய மலையாளி, பச்சை மலையாளி, கொல்லி மலையாளி என்று பிரித்துச் சொல்வது அந்தக் கதையை ஒட்டித்தான். எனக்கு அந்தக் கதையில் பிடித்ததே அந்தப் பெண் எடுத்த இடம்தான். ஒரு ஜனம் தன் பிறப்பைச் சொல்லும்போதே, நாங்கள் ஒரே ரத்தம் இல்லை, பல வீட்டுப் பிள்ளைகள் என்று சொல்லிக்கொள்கிறது. எத்தனை பேருக்கு அந்த மனசு வரும்?

அவர்களுக்கு என்று ஊர் ஒழுங்கு இருந்தது. மலையைச் சேலநாடு, முட்டநாடு, மோகநாடு என்று மூன்று நாடாகப் பிரித்து, நாட்டுக்கு ஒரு பட்டக்காரர் இருந்து வழக்குத் தீர்த்தார். சாமை, தினை, கேழ்வரகு விளைந்தது. மலை உச்சியில் 5,326 அடி உயரத்தில் சேர்வராயன் குகைக் கோயில் இருக்கிறது. சாமியோடு காவேரி அம்மனும் உண்டு. அந்தக் குகை வழியே போனால் காவிரிக்கே போய்ச் சேரலாம் என்பது மலை ஜனங்களின் நம்பிக்கை. வைகாசித் திருவிழாவுக்கு எங்கெங்கோ வேலைக்குப் போனவர்களும் வந்து சேர்வார்கள். மலைக்கே அந்தச் சாமியின் பெயர்தான். வெள்ளைக்காரர்கள் எழுதிய ஷெவராய் என்பது சேர்வராயன் அவர்கள் வாயில் பட்ட பாடு. பெயர் வைத்த ஜனங்களை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் நாம் சார்ட்டில் எழுதுகிறோம்.

இன்னொன்று சொல்கிறேன். இதை நீங்கள் என்னைவிட நன்றாக நடத்த முடியும். பல்லாவரத்தில் 1863-ல் பழைய கற்கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் பெயர் உங்கள் புத்தகத்தில் இருக்கிறது. அந்த ஃபூட் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் வீடு கட்டிக் குடியிருந்தது ஏற்காட்டில். அவர் இந்த மலையில் வழவழப்பாகத் தேய்த்த புதிய கற்காலக் கோடரிகளைப் பார்த்தார். எங்கே தெரியுமா? மலையாளிகளின் சின்னச் சின்னக் கோயில்களில், பிள்ளையார் முன்னால். நிலம் உழும்போது கிடைத்த அந்தக் கற்களைச் சாமியாக நினைத்து எடுத்துவந்து வைத்திருந்தார்கள். அவர் சேகரித்தவை பிற்பாடு எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. ஆயிரமாயிரம் வருஷத்துக்கு முன்னால் அந்தக் கல்லைத் தேய்த்த கை ஒன்று அந்த மலையில் இருந்திருக்கிறது. அதை எடுத்துக் கும்பிட்ட கையும் இருந்திருக்கிறது. ‘வெறும் காடு’ என்ற வார்த்தைக்கு இதைவிட நல்ல பதில் கிடைக்காது.

ஃபூட்டின் நினைவிடம் ஏற்காடு ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் இருக்கிறது. அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல் காலமானதும் ஏற்காட்டில்தான், 1882-ல். பெர்சிவல் யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரோடு சேர்ந்து பைபிளைத் தமிழாக்கியவர். தமிழ்ப் பழமொழிகளை ஆயிரக்கணக்கில் திரட்டி அச்சில் ஏற்றியவர். தாத்தாவும் பாட்டியும் வாய்க்கு வாய் சொல்லும் பழமொழியை ஒரு வெள்ளைக்காரர் காது கொடுத்துக் கேட்டு எழுதிவைத்து, கடைசியில் நம் மலையில் வந்து கண் மூடியிருக்கிறார். படகு இல்லத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப்போகும் சுற்றுலாவில், அந்தத் தேவாலயத்தின் முன்னால் ஐந்து நிமிஷம் வண்டியை நிறுத்தக் கூடாதா?

வெள்ளைக்காரர் என்றால் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை என்று பிள்ளைகளுக்குத் தெரியட்டும். தோட்டம் போட்டவர்கள் இருந்தார்கள், பள்ளிக்கூடம் கட்டிய துறவியரும் இருந்தார்கள். மலையில் இருக்கும் அந்தப் பழைய உறைவிடப் பள்ளிகளுக்குப் பெட்டி படுக்கையோடு வரும் ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளை என் வண்டியிலும் ஏற்றியிருக்கிறேன். ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதுகொண்டே ஏறுவார்கள், லீவுக்கு இறங்கும்போது கத்திப் பாடிக்கொண்டே இறங்குவார்கள். கூடவே தோட்டத்தில் பழம் பறித்த பெண்களை மறக்கக் கூடாது. கீழ்நாட்டிலிருந்து பிழைக்கப் போன ஆதிதிராவிடக் குடும்பங்கள் எத்தனையோ. இடுப்பில் கூடை கட்டி, அட்டைக்கடிக்குப் புகையிலைத் தண்ணீர் தடவிக்கொண்டு, மழையில் நனைந்து பறித்ததுதான் அந்தக் காப்பி. அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் கிடையாது. மலைப்பாதைக்குக் கல் உடைத்தவர்கள் பெயரும் கிடையாது. நாற்பதடிப் பாலம், அறுபதடிப் பாலம் தாண்டும்போதெல்லாம் இதை யார் கட்டியிருப்பார்கள் என்று நினைப்பேன். கல் வேலை, கிணறு வெட்டு என்றால் நம் பக்கத்தில் போயர் ஜனங்கள்தான், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள்.

தெலுங்கு என்றதும் என் கதைக்கு வருகிறேன். மலையைவிட்டு இறங்கி ஊருக்குள் வரலாம்.

எங்கள் வீடு நெசவு செய்யும் தேவாங்கர் வீடு. வீட்டுக்குள் தெலுங்கு, வாசப்படி தாண்டினால் தமிழ். முன்னறையில் குழித்தறி. அப்பா குழிக்குள் காலை வைத்து மிதிப்பார், ஊடு நூல் வைத்த நாடா அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓடும். அம்மா ராட்டையில் அந்த நூலைத் தாராகச் சுற்றுவார். விடிகாலையில் பாவடி என்ற திறந்தவெளியில், தறியில் நெடுக்காக ஓடும் பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, வெயில் ஏறுவதற்குள் நீவி எடுக்க வேண்டும். அறுந்த இழையைக் கண்ணால் தேடாதே, விரலால் தேடு என்பார் அப்பா. நூல் அறுந்த இடம் விரலுக்கு எப்படியோ தெரிந்துவிடும். பாவு நீவும் வேலையை ஒரு வீடு தனியாகச் செய்ய முடியாது. பக்கத்து வீட்டுச் செங்குந்தர் மாமா வந்து ஒரு முனையைப் பிடிப்பார். அவர் வீட்டுப் பாவுக்கு நாங்கள் ஓடுவோம். அவர் வீட்டில் தமிழ், எங்கள் வீட்டில் தெலுங்கு, எதிர்வரிசையில் ஒரு வீட்டில் கன்னடம், கடைசி வீட்டில் சௌராஷ்டிரம். பாவுக்கு ஒரே பாஷைதான்.

தெருக்குழாயில் தண்ணீர் வந்ததும் ஒரு சத்தம் கிளம்புமே, அது இன்னும் என் காதில் இருக்கிறது. ‘தண்ணி’ என்று ஒரு குரல், ‘நீளு’ என்று எங்கள் அவ்வா (எங்கள் பேச்சில் பாட்டி), ‘நீரு’ என்று எதிர்வீடு, ‘பானி’ என்று கடைசி வீட்டுப் பாட்டி. கோட்டைப் பக்கத்திலிருந்து நூல் கணக்குக்கு வரும் பாய் வீட்டிலும் ‘பானி’தான், அவர்கள் உருது. ஒரு குழாய், ஐந்து வீட்டுப் பேச்சு, நாலு பெயர். குடத்துக்காகச் சண்டை வரும். பாஷைக்காக ஒரு நாளும் வந்ததில்லை.

சேலம் வெண்பட்டு என்று பெயர் வாங்கி, புவிசார் குறியீடும் பெற்ற வேட்டியின் பின்னால் இத்தனை பேர் இருக்கிறார்கள். சௌராஷ்டிரர்கள் குஜராத் கரையிலிருந்து கிளம்பி, தேவகிரி, விஜயநகரம் என்று பட்டுநூலைக் கையில் பிடித்துக்கொண்டே தெற்கே வந்தவர்கள் என்று அவர்கள் வழிவழியாகச் சொல்கிறார்கள். அவர்கள் பாஷைக்குத் தனி எழுத்தே உண்டு. 2008-ல் அது யூனிகோடிலும் ஏறிவிட்டது. அம்மாப்பேட்டைப் பிள்ளை ஒருவன் தன் பாட்டி பேசும் பாஷையைத் தன் பாஷையின் எழுத்திலேயே கைப்பேசியில் எழுத வழி இருக்கிறது. அது இருப்பதே அவனுக்குத் தெரியுமா?

ஆடி வந்தால் இது எல்லாம் ஒன்றாகத் தெருவில் இறங்கிவிடும். சேலத்தின் எட்டுப் பேட்டை மாரியம்மன்களுக்கும் கோட்டை மாரியம்மன்தான் தலைமை. எங்கள் குகையில் ராத்திரியில் வண்டி வேடிக்கை. நேற்றுவரை தறியில் உட்கார்ந்திருந்தவர் சிவனாக, முருகனாக வேஷம் கட்டிக்கொண்டு ஜோடித்த வண்டியில் அசையாமல் நிற்பார். பார்க்க வரும் கூட்டத்தில் எல்லா வீட்டு ஜனமும் இருக்கும். எங்கள் சௌடேஸ்வரி அம்மன் விழாவில் வீரகுமாரர்கள் என்ற பக்தர்கள் கத்தியால் தங்கள் உடம்பில் வெட்டிக்கொண்டு ‘கத்தி போடும்போது’ ‘தீசுக்கோ தாயே’ என்று குரல் கொடுப்பார்கள். ஏற்றுக்கொள் தாயே என்று அர்த்தம். தெலுங்கு தெரியாத பக்கத்துத் தெருப் பையன்களும் சேர்ந்து கத்துவார்கள். அவர்களும் எங்கள் பையன்கள்தானே.

எல்லாமே இப்படி இனிப்பாக இருந்தது என்று நான் சொன்னால் அது பொய். 1882-ல் செவ்வாய்ப்பேட்டையில் பள்ளிவாசலையும் ஊர்வலப் பாதையையும் ஒட்டி இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் பெரிய கலவரம் நடந்தது. சேலம் விஜயராகவாச்சாரியார் மேல் அந்தக் கலவரத்தில்தான் வழக்குப் போட்டுத் தண்டித்தார்கள், பிறகு உயர் நீதிமன்றத்தில் விடுதலையானார். அவரைச் சுதந்திரப் போராட்ட வீரர் என்று மட்டும் நடத்திவிட்டுக் கலவரத்தைத் தாண்டிப் போகாதீர்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அது புரியும். வீட்டில் பெரியவர்கள் சண்டை போடுவதைப் பார்த்துத்தானே வளர்கிறார்கள். கலவரம் நடந்த அதே பேட்டையில் அதற்கு அப்புறமும் கடையைத் திறந்தார்கள், அரிசி வாங்கினார்கள், விற்றார்கள், இன்றுவரை சேர்ந்து இருக்கிறார்கள். எப்படி மறுபடி பேச ஆரம்பித்தார்கள் என்பதைப் பிள்ளைகள் யோசித்துப் பார்க்கட்டும்.

வந்தவர்கள் பட்டியல் நின்றபாடில்லை. ஜவ்வரிசியை எடுத்துக்கொள்ளுங்கள். மரவள்ளி நம் மண்ணில் பிறந்ததே இல்லை, தென்னமெரிக்கச் செடி. இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டு வரத்து நின்றுபோன சமயம், 1943-ல், சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியாருக்குப் பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷா என்ற குஜராத்தியர் ஜவ்வரிசி தயாரிக்கும் வழியைச் சொல்லிக்கொடுத்தார். இருவரும் சேர்ந்து ஆரம்பித்ததுதான் 2023-ல் புவிசார் குறியீடு வாங்கி இன்றைக்கு நிற்கிற சேலம் ஜவ்வரிசி. செடி ஒரு கண்டம், தொழில் மலேயா, ஆள் குஜராத், உழைப்பு சேலம். பாயசம் மட்டும் நம் வீட்டுப் பாயசம்.

சினிமாவைச் சொன்னால் பிள்ளைகள் காதைத் தீட்டிக்கொள்வார்கள். ஏற்காடு சாலையில் நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு அவர்கள் தினம் பார்ப்பது. டி.ஆர். சுந்தரம் நடத்திய அந்த நிறுவனம்தான் மலையாளத்தின் முதல் பேசும் படத்தை 1938-ல் எடுத்தது. எல்லிஸ் டங்கன் என்ற அமெரிக்கரும் அங்கே தமிழ்ப் படம் இயக்கினார். கேரளத்து மலையாளிக்கும் நம் மலை மலையாளிக்கும் பெயர் மட்டும் ஒன்று. ஆனால் கேரளத்து மலையாளியின் சினிமா வாய் திறந்து பேசியது நம் மலையின் அடிவாரத்தில் என்பது பெருமைதானே.

தாரமங்கலத்தை அடுத்த பவளத்தானூரில் ஈழத்துப் போருக்குத் தப்பி வந்த குடும்பங்கள் முகாமில் இருக்கின்றன. அங்கே பிறந்த பிள்ளைகள் உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம். அவர்களுக்கும் இதுதான் மாவட்டம்.

இப்போது அந்தச் சின்னச் சம்பவத்தைச் சொல்கிறேன். எங்கள் தெருமுனையில் ஒரு சௌராஷ்டிரப் பாட்டி இட்லிக்கடை வைத்திருக்கிறார். போன வருஷம் பீகாரிலிருந்து வந்த ஒரு பையன், வெள்ளிப் பட்டறையில் மெருகு போடுகிறவன், இட்லி சாப்பிட்டவனுக்கு விக்கல் எடுத்துவிட்டது. “பானி, பானி” என்றான். பக்கத்தில் இருந்த இரண்டு பேர் என்ன கேட்கிறான் என்று முழித்தார்கள். பாட்டி அதற்குள் சொம்பை நீட்டிவிட்டார். “எங்க வீட்லயும் பானிதானே” என்றார். அந்தப் பையன் அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை என்னால் எழுத முடியாது. அன்றிலிருந்து அவன் காலையில் வேறு கடைக்குப் போவதில்லை. எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் வடக்கிலிருந்து மூட்டையோடு வந்த ஒரு ஜனத்தின் சொல், நேற்று ரயிலில் வந்து இறங்கியவனுக்குத் தண்ணீர் கொடுத்திருக்கிறது.

சரி, உங்களிடம் நான் கேட்பது என்ன?

‘கண்டுபிடித்தார்’ என்ற அந்த ஒரு வார்த்தையை எடுத்துவிடுங்கள். சார்ட்டில் வந்தால் சிவப்பு மையில் அடித்து, ‘அதற்கு முன் யார் இருந்தார்கள்?’ என்று ஓரத்தில் எழுதிக் கொடுங்கள். பிள்ளையே தேடிக்கொண்டு வரும். ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது ஏன் என்று கேட்டால் போதும், பாதிப் பாடம் அங்கேயே இருக்கிறது.

இரண்டாவது, வீட்டுப்பாடமாக ஒரு சொல் கேளுங்கள். தண்ணீருக்கு உங்கள் பாட்டி என்ன சொல்வார்? தாலாட்டில் என்ன பாடுவார்? வீட்டில் செய்யும் வேலையில் நமக்குத் தெரியாத ஒரு சாமானின் பெயர் என்ன? பலகையில் எழுதுங்கள், எல்லோரும் சேர்ந்து சொல்லிப் பார்க்கட்டும். ஆனால் தயவுசெய்து சாதியைக் கேட்காதீர்கள். நான் இந்தக் கடிதத்தில் சாதிப் பெயர்களை எழுதியிருக்கிறேன், வரலாறு பேசும்போது தவிர்க்க முடியவில்லை. வகுப்பில் ஒரு பிள்ளையை எழுப்பி நிறுத்திக் கேட்பது அப்படி இல்லை. செருப்புத் தைத்த தாத்தாவின் பேரனும், ஊர்ச் சாக்கடை சுத்தம் செய்யும் அம்மாவின் மகளும் அங்கே இருப்பார்கள். அவர்கள் வீட்டில் பேசும் தெலுங்கும் என் வீட்டுத் தெலுங்கும் ஒரே தெலுங்கு. சொல்லைக் கேட்டால் அந்தப் பிள்ளையும் நிமிர்ந்து நின்று சொல்லும்.

சிரிப்பு வந்தால் அடக்குங்கள். பிள்ளைகள் சிரித்தாலும் அடக்குங்கள். இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் மூன்றாவது படிக்கும்போது ஒரு நாள் தாகத்தில் வாய் தவறி “நீளு வேணும் சார்” என்றேன். வகுப்பே சிரித்தது. ஆசிரியரும் சேர்ந்து சிரித்தார். அவர் கெட்டவர் இல்லை, அன்றைக்கு அது வேடிக்கையாகப் பட்டிருக்கும். ஆனால் அதற்கப்புறம் நான் வெளியில் தெலுங்கு பேசவில்லை. கல்யாணமாகிப் பிள்ளை பிறந்தபின் வீட்டிலும் பேசவில்லை. என் பிள்ளைகளுக்கு அவர்கள் அவ்வாவோடு பேச வாய் வரவில்லை. கடைசி நாட்களில் எங்கள் அம்மாவுக்குத் தமிழ் மறந்துபோய்த் தெலுங்கு மட்டும் நின்றது. படுக்கையில் கிடந்து பேத்தியின் அம்மாவைப் பார்த்து, அதாவது என் மகளைப் பார்த்து, என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தார். என் மகள் கையைப் பிடித்துக்கொண்டு, “என்ன கேக்கறாங்கப்பா?” என்று என்னைக் கேட்டாள். சாப்பிட்டாயா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

மலைக் கிராமங்களிலிருந்து கீழே விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளை இன்னும் கொஞ்சம் கவனியுங்கள். கொட்டச்சேடு, செம்மநத்தம், மஞ்சக்குட்டை என்று ஊர்ப் பெயர் சொல்வார்கள். “மலையாளியா, மலையாளத்துல பேசு பாக்கலாம்” என்று பசங்க கேலி செய்வதை என் வண்டியிலேயே கேட்டிருக்கிறேன். அந்தக் கேலியை நிறுத்த உங்களால் ஒரு பீரியடில் முடியும். பெரியண்ணன் கதையை அந்தப் பிள்ளையே முன்னால் வந்து சொல்லட்டும். புத்தகத்தில் இல்லாத பாடத்தை வகுப்பில் நடத்தத் தெரிந்த ஒரே ஆள் அன்றைக்கு அந்தப் பிள்ளைதான்.

முடிந்தால் ஒரு வைகாசியில் பிள்ளைகளைச் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு அழைத்துப்போங்கள். கோடை விழாவுக்கும் மலர்க் கண்காட்சிக்கும் ஊரே போகும், அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். உச்சியில் அந்தக் குகைக்கு முன்னால் மலை ஜனங்களின் கூட்டத்தில் ஒரு மணி நேரம் நின்றால், சேர்வராயன் யார் வீட்டுச் சாமி என்று பிள்ளைகளுக்குத் தானே தெரிந்துவிடும். மாலை போடுங்கள், பிரசாதம் வாங்குங்கள், அங்குள்ள பெரியவர்களை உட்காரவைத்துப் பேசச் சொல்லிக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். எனக்குக் கதை சொன்ன அந்தப் பெரியவர் இப்போது இல்லை. என்னிடம் பதிவு இல்லை, ஞாபகம் மட்டும்தான் இருக்கிறது, அதுவும் எத்தனை நாளைக்கு?

சுற்றுலாவுக்கு வண்டி ஏற்பாடு செய்யும் ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், எந்த சனிக்கிழமையானாலும் நான் கூட வரத் தயார். காசு வேண்டாம். முன் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நிற்க ஓர் இடம் கொடுத்தால் போதும். அடிவாரத்தில் ஆரம்பித்தேன் என்றால், மேலே ஏற்காடு ஒண்டிக்கடை வந்து சேர்வதற்குள் எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிவிடுவேன். என் பேத்தியும் வருகிறேன் என்கிறாள். பழைய சார்ட்டைச் சுருட்டி வைத்துவிட்டு, புதிதாக ஒன்று எடுத்திருக்கிறாள். ஏற்காடு இருந்த வலது மூலையைக் காலியாக விட்டு வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடத்துநர் ஒருவர்,
குகை, சேலம்.